நீர் தந்த மலையும் ஒளி பெற்ற நாடும்

மாலைப்பொழுதில் விளக்கேற்றுதலை மங்கலச் செயலாகக் கொண்டவர் நம் முன்னோர். அக்காலத்து விளக்கின் வரலாறு வீட்டார் அனைவர்க்கும் தெரிந்ததொன்று. எண்ணெய் வளவிலே நின்ற இலுப்பையிலிருந்து வந்தது. அதனைச் செக்கில் ஆட்டியவன் பெயர் தெரியும். திரியைத் திரித்தவள் வீட்டுப் பாட்டி. இற்றை நாளிலோ சுவரிலுள்ள விசையை அழுத்திய மாத்திரத்தே அறை முழுதும் ஒளி பரவுகின்றது. அவ்வொளி எந்த ஆற்றினின்று புறப்பட்டது, எவர் குடியிருந்த நிலத்தின்மேல் அவ்வாறு தேக்கி வைக்கப்பட்டது, அவருக்கு அதனாற் கிடைத்தது யாது என்னும் வினாக்கள் நம்முள் எழுவதில்லை. விளக்கு அண்மையில் இருக்கின்றது. அதன் எண்ணெயோ சேய்மையில் இருக்கின்றது. வடபுலத்திற் பிறந்து, அட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்த எனக்கு, இச்சேய்மையின் இரு கரைகளையும் காணும் வாய்ப்புக் கிட்டியது. அவ்வாறு கண்டவற்றைக் கொண்டு வலுசக்தியின் அறத்தைச் சிறிது ஆராய முற்படுகின்றேன்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் ஆக்கும் முறையைக் குறைத்து, நீர், காற்று, ஞாயிறு என்பவற்றினின்று வலுசக்தி பெறும் முறைக்கு உலகம் மாறி வருகின்றது. நம் நாட்டிலும் 2007 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை நிறுவப்பெற்றது. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கினைப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுதல் வேண்டுமென அரசு இலக்கு வகுத்தது. இம்மாற்றம் வேண்டப்படுவதே. 2011 முதல் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் அயலில் வாழ்வோரைக் கேட்டால், பழைய வழி தொடர வேண்டும் என்று எவரும் கூறார். ஆயினும், புகை இல்லாதன யாவும் குற்றமும் இல்லாதன என்று கொள்ளும் மனப்பாங்கொன்று இன்று எழுத்திலும் மேடையிலும் பரவி வருகின்றது. ஈண்டு விமரிசிக்கப்படுவது அம்மனப்பாங்கே.

அதனை உரைத்துப் பார்ப்பதற்கு மலையகத்தினும் ஏற்ற உரைகல் வேறில்லை. ஏனைய இடங்கள் இனிச் செய்யவிருப்பதனை மலையகம் முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே செய்துவிட்டது. 1950 ஆம் ஆண்டு தொடங்கிப் பல பதிற்றாண்டுகளாக நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஆற்றுநீரினின்றே பெறப்பட்டது. இன்று புகழப்படும் தூய மின்சாரத்தை நாம் முன்பே துய்த்தவர்கள். அங்ஙனமாயின், அத்தூய்மை மலைச்சரிவிற் குடியிருந்தோர்க்கு யாது செய்தது என்று கேட்பது முறையாகும்.

வலுசக்தி நீதி என்னும் பெயரில் மேனாட்டறிஞர் அண்மைக்காலத்தில் வளர்த்துள்ள ஆராய்ச்சி மூன்று வினாக்களை முன்வைக்கும். பயனும் இழப்பும் எவரெவர்க்கு எங்ஙனம் பங்கிடப்பட்டன என்பது ஒன்று. முடிவு செய்த அவையில் எவர்க்கு இடமிருந்தது என்பது மற்றொன்று. அங்கு வாழ்வோர் உரிமையுடைய மாந்தராக ஏற்கப்பட்டனரா என்பது மூன்றாவது. இவை நமக்குப் புதியனவல்ல. நடுவு நிலைமைக்குத் தனியே ஓரதிகாரம் வகுத்த மரபு நம்முடையது. வன்னியிலே காலபோகத்திற்கு முன்னர்க் குளத்துநீரைப் பங்கிடக் கூடும் கூட்டத்திலே, கடைசி வாய்க்காலில் வயலுடையவனுக்கும் வாய்ச்சொல் உண்டு. ஆனால் அவனுக்கு அவ்வாய்ச்சொல்லைத் தருவது யாது? அவனுக்கென அங்கே ஒரு வயல் இருப்பதே. இக்கருத்தை மனத்திற் கொண்டு மலையக வரலாற்றை நோக்குவாம்.

கோப்பிப் பயிருக்கும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிவைத்த தேயிலைப் பயிருக்கும் வேண்டிய உழைப்பாளர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தவர் பலர். வழியிலேயே நோயுற்று மடிந்தவரும் பலர். மலையை அடைந்தோர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஒரு காம்பராவும் அதன்முன் ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் உலகமாயின. பழைய தோட்டங்கள் பலவற்றிலே ஓடைநீரைக் குழாயிற் செலுத்திச் சில்லுகளைச் சுழற்றித் தொழிற்சாலைப் பொறிகளை இயக்கினர். பின்னாளில் அந்நீரினாலேயே மின்சாரமும் ஆக்கினர். தொழிற்சாலை ஒளி பெற்றது. துரையின் பங்களாவும் ஒளி பெற்றது. லயத்திலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வெட்டியவன் வீட்டில் விறகுப் புகையே மிஞ்சியது. ஆகவே, ஓடை ஒன்றாயினும் அதன் பயன் சமமாகப் பாயவில்லை என்பதைத் தேயிலைத் தோட்டம் தன் தொடக்கக் காலத்திலேயே காட்டிவிட்டது.

தோட்டத்து ஓடையினின்று நாட்டின் ஆறுகளுக்கு இவ்வெண்ணத்தை வளர்த்தெடுத்தவர் பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தவர் அவர். 1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின்முன் அவர் படித்த ஆய்வுரை, கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டின் வீழ்ச்சியிலும் நாட்டின் எதிர்காலத்தைக் கண்டது. ஆட்சியாளரின் புறக்கணிப்பையும் இடையில் வேலை நின்றுபோனதையும் பொறுத்து, 1931 இல் அரசாங்க சபையிலும் உறுப்பினராகி, அவர் அக்கருத்துக்காக வாதாடினார். 1950 இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியதைக் கண்ட பின்னர், 1953 இல் மறைந்தார். பிறநாட்டு நிலக்கரியை நம்பியிருந்த ஒரு தீவு தன் மலைநீரை நம்பலாம் என்று காட்டிய பெருமை அவருடையது.

அவ்வாய்வுரையின் தலைப்பு இலங்கையில் வலுவைப் பயன்படுத்தலின் பொருளியல் என்பதாகும். அது பொருளியல் நூல், அறநூலன்று. எனவே, அதிற் காணாததற்காக அதன் ஆசிரியரைக் குறைகூறுதல் தகாது. குறை பின்வந்தோருடையது. பொறியியலாளர் நீரின் உயரத்தையும் அளவையும் கணக்கிட்டுக் கொடுத்தனர். அந்நீரின் கரையில் எவர் இருக்கின்றனர், அவர் நிலை யாது என்று கணக்கிடுதல் ஆட்சியாளரின் கடமை. அக்கடமையை அவர்கள் எவ்வாறு ஆற்றினர் என்பதை ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளர் வாக்களித்தனர். மஸ்கெலியா, தலவாக்கலை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்தோர் தெரிவாயினர். மறு ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஏழு இலட்சம் வரையிலானோர் ஒரே எழுத்தில் நாடற்றோராயினர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தெரிந்தனுப்பிய உறுப்பினர் ஒருவரேனும் பாராளுமன்றத்தில் இல்லை. இவ்விரண்டு தேர்தல்களுக்கும் நடுவே, 1950 இல், அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கினின்று முதன்முதலாகப் பெரிய அளவில் மின்சாரம் புறப்பட்டுக் கொழும்பை அடைந்தது. ஆற்றுக்கு நாட்டில் இடம் கிடைத்த வேளையில் ஆற்றங்கரையோர்க்கு இடமில்லாமற் போயிற்று.

அடுத்த கட்டமும் இதனை ஒத்ததே. 1964 ஒற்றோபர் 30 ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கவும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்கவும் உடன்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவரைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமன்று அது. 1965 இல் நோர்வூட்டின் அருகே காசல்றீ நீர்த்தேக்கம் நிறைந்தது. அதன் நீரால் இயங்கும் நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயர் இடப்பட்டது. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது தேயிலை மலைகளோடு பழைய மஸ்கெலியா நகரும் நீருள் மூழ்கியது. அவ்வாண்டிலேயே இலங்கை மின்சார சபையும் தாபிக்கப்பெற்றது. நகரம் புதிய இடத்துக்குப் பெயர்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பலவும் அடுத்த ஆண்டுகளிலே கப்பலேறிப் பெயர்ந்தன. அவ்வாறு சென்றோர்க்கெனத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பைக்காரா நீர்வீழ்ச்சியினின்று 1932 முதல் மின்சாரம் பெற்றுவந்த மலை அது. மின்னாக்கும் ஒரு மலையினின்று புறப்பட்டவர் மின்னாக்கும் வேறொரு மலையிற் கூலிக்குக் கொழுந்து பறித்தனர்.

சில ஆண்டுகளின் முன்னர், மழை பொய்த்த ஒரு பருவத்திலே, மாணாக்கர் சிலரை மவுசாகலைக்கு அழைத்துச் சென்றேன். நீர் வற்றிய காலத்திற் பழைய நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளித்தோன்றுதல் அப்பகுதியார் அறிந்ததொன்று. சேறு காய்ந்து வெடித்திருந்த தரையிலே, இடிந்த கோயிலின் முன் முதியவள் ஒருத்தி கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தாள். மாணாக்கன் ஒருவன் அவளருகே சென்று, தன் பாட்டனார் குடியிருந்த லயம் எவ்விடத்தில் இருந்தது என்று கேட்டான். அவள் கைகாட்டிய திசையில் நீர் மட்டுமே நின்றது. கோயிலின் சுவர் எஞ்சியிருந்தது. லயத்தின் சுவர் எஞ்சவில்லை. மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் ஒருங்கே மூழ்கியமையால் இழப்பு ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும் அவ்விடத்தில் எனக்குப் புலனாயிற்று.

இங்கே நினைவுக்கு வருபவர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். 1914 இல் தோட்டத்திலே பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, அடுத்த தேர்தலுக்குள் தம் மக்கள் வாக்கற்றோரானதைக் கண்டவர் அவர். 1954 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது இலங்கைத் தேயிலைத் தோட்டம் பற்றிய நெடும்பாட்டு, உழைத்து மடிந்தோர்க்கு ஒரு நினைவுக் கல்லும் நாட்டப்படாத துயரைப் பேசுகின்றது. இலக்கியச் சுவை கருதி அதனைப் புகழ்வோர் உளர். அதன் பெறுமதி அச்சுவையோடு நின்றுவிடுவதன்று. அரசாங்கப் பதிவேடு ஒரு மக்கட்கூட்டத்தைத் தன் ஏட்டினின்று நீக்கிய காலத்தில், அம்மக்களை வேறோர் ஏட்டிற் பதிந்துவைத்த செயல் அது. மின் நிலையத்துக்கு அதனை எண்ணிக் கண்ட பொறியியலாளரின் பெயரை இட்டது முற்றிலும் தகும். ஆயினும், வேலுப்பிள்ளை தேயிலைச் செடியின் அடியில் எழுப்பிய வினாவை அணைக்கட்டின் அடியிலும் எழுப்புதல் கூடும்: ஏனையோரின் பெயர் எங்கே?

நீர்மின் திட்டங்களால் இழந்தோர் தமிழர் மட்டுமல்லர் என்பதை நடுவுநிலையோடு கூறுதல் வேண்டும். 1985 இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் பழைய சிங்களக் கிராமங்களையும் வயல்களையும் விகாரைகளையும் விழுங்கியது. அவ்வூரார் பலர் தம் மலைநாட்டை விட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்று, அறியாத வெப்பத்திலே புதுவாழ்வு தொடங்கினர். அவர்தம் துன்பம் சிறிதன்று. எனினும் ஒரு வேறுபாட்டை நோக்குதல் தகும். கிராமத்தவன் காணியை இழந்தான். இழந்த காணிக்குப் பதிலாக வேறு காணி கேட்க அவனுக்கு நியாயம் இருந்தது. லயத்தவனோ காணியே இல்லாதவன். அவன் குடியிருந்தது தோட்டத்தின் கூரை. அவன் மிதித்தது தோட்டத்தின் மண். எதையும் உடையவனாக இல்லாதவன் எதையும் இழந்தவனாகவும் எண்ணப்படுவதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவன் இழப்புப் புலப்படாமற் போவதற்குக் காரணம் இதுவே.

மேல் கொத்மலைத் திட்டம் இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. தலவாக்கலையில் அணைகட்டி, மலையைக் குடைந்து நெடிய சுரங்கவழியே நீரைக் கொண்டுசென்று, 150 மெகாவாற்று மின்வலுவை ஆக்கும் இத்திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 2012 இல் நிறைவெய்தியது. முற்பட்ட ஆண்டுகளில் இதனைக் குறித்துப் பெருவாதம் நிகழ்ந்தது. சென்கிளேயர் முதலாய அருவிகள் வற்றிவிடும் என்று இயற்கை அன்பர் எதிர்த்தனர். மலையகத் தொழிற்சங்கத் தலைமையும் முதலில் எதிர்த்துப் பின்னர் இசைந்தது. அவ்வாதத்தின் பயனாகத் திட்டம் சுருக்கப்பட்டது; அருவியில் பகற்பொழுதில் நீர் விடவும் ஏற்பாடாயிற்று. இடம்பெயர்க்கப்பட்ட ஏறக்குறைய ஐந்நூறு குடும்பங்களுக்குப் புதிய வீடுகளும் கட்டிக்கொடுக்கப்பட்டன.

1969 ஆம் ஆண்டு மஸ்கெலியாவோடு ஒப்பிடுமிடத்து 2012 ஆம் ஆண்டுத் தலவாக்கலை எவ்வளவோ மேலானது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அம்மேன்மைக்குக் காரணம் யாது? பொறியியலாளரின் உள்ளம் இடையில் இளகிவிட்டது என்று கூறல் பொருந்தாது. இடையிலே அம்மக்கள் குடிகளாயினர் என்பதே காரணம். 1988 இன் சட்டமும், எஞ்சியோர்க்குக் குடியுரிமை தந்த 2003 இன் சட்டமும் அவர்களை மீண்டும் வாக்காளராக்கின. வாக்குள்ள இடத்தில் வீடு கட்டப்பட்டது. வாக்கில்லாத இடத்தில் நீர் மட்டும் நின்றது. மேற்கூறிய மூன்று வினாக்களில் மூன்றாவதே ஏனைய இரண்டுக்கும் வேர் என்பது இவ்வொப்பீட்டினால் நன்கு விளங்கும். உரிமையுடையவன் என்று ஏற்கப்பட்டவனுக்கே அவையில் இடம். அவையில் இடமுள்ளவனுக்கே பங்கு. வேரின்றித் தரப்படும் பங்கு தானமாகும். தானம் தருபவனுடைய மனநிலையைப் பொறுத்தது.

இனி ஒரு தடையை நோக்குவாம். இந்நாட்டிலே ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் இன்று மின்சாரம் சென்றுவிட்டது, லயத்திலும் விளக்கு எரிகின்றது, தொலைக்காட்சியும் ஓடுகின்றது, முடிந்துபோன கதையை ஏன் கிளறுதல் வேண்டும் என்று சிலர் வினவுவர். விளக்கு எரிகின்றமை உண்மை. ஆனால் விளக்கைப் பற்றிய கேள்வி முடிந்தவிடத்திற் கூரையைப் பற்றிய கேள்வி தொடங்குகின்றது.

மின்சாரத்தை நுகர்வோரே அதனை ஆக்குவோராகவும் ஆகலாம் என்பது இக்காலத்தின் புதிய வாக்குறுதி. கூரையிற் சூரிய மின்தகடுகளைப் பொருத்தி, மிகுந்த மின்சாரத்தை நாட்டின் மின்வலைக்குக் கொடுத்துக் கணக்கிற் கழித்துக்கொள்ளும் முறை 2010 அளவில் நம் நாட்டில் வந்தது. 2016 இல் சூரியபல சங்கிராமய என்னும் பெயரில் அரசு அதனை ஓர் இயக்கமாகத் தொடங்கிற்று. கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் வசதியுள்ளோர் பலர் அதனாற் பயன்பெற்றனர். இத்திட்டத்திற்கு வேண்டுவன மூன்று: முதலீடு, வெயில், சொந்தக் கூரை. முதலீட்டைக் கடனாகப் பெறலாம்; ஆனால் கடனுக்குக் காணியுறுதி வேண்டும். வெயிலை எவரும் தடுக்கார். கூரைக்கு என்ன செய்வது? 1975 இல் அரசுடைமையாகிய தோட்டங்கள் 1992 இற் கம்பனிகளின் முகாமைக்குச் சென்று, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயின. நான்கு தலைமுறையாக ஒரு குடும்பம் வாழும் காம்பராவின் கூரை அக்குடும்பத்துக்குரியதன்று.

என்னிடம் படித்த மாணாக்கன் ஒருவன் மின்வேலை பயின்று, கொழும்பிலே வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடுகள் பொருத்துவதையே தொழிலாகக் கொண்டுள்ளான். தீபாவளிக்கு வந்தவன் என்னைக் காண வந்திருந்தான். தந்தையின் வீட்டுக்கும் சிறிதாக ஒன்று பொருத்தலாமே என்று கேட்டேன். கடன் கேட்டு ஓரிடத்துக்குச் சென்றதாகவும், காணியுறுதி இல்லையெனத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கூறிச் சிரித்தான். பின்பு அவன் சொன்ன சொல்லை அவன் பேசியவாறே தருகின்றேன்: “சேர், ஊரு பூராக் கூரையில மாட்டுறேன், எங்க லயத்துக் கூரை எங்களுது இல்லையே.” நிலைபேறான வலுசக்தியைப் பற்றி யான் படித்த கட்டுரைகள் பலவற்றினும் இவ்வொரு வாக்கியம் எனக்குத் தெளிவு தந்தது. நீர்மின் காலத்திலே நிலமற்றவன் இழப்புக்கு உரியவனாக எண்ணப்படவில்லை; சூரியமின் காலத்திலே அதே நிலமற்றவன் பயனுக்கு உரியவனாகவும் எண்ணப்படவில்லை.

காணி இருந்தால் நிலைமை வேறாகும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1990 களிலே மின்வலை எட்டாத மலைக்கிராமங்கள் பலவற்றில் ஊரார் கூடிச் சங்கம் அமைத்து, சிற்றோடையை மறித்து, தம் உழைப்பையும் கடனுதவியையும் சேர்த்துச் சிறிய நீர்மின் நிலையங்களை நிறுவினர். கட்டணத்தை அவர்களே வகுத்தனர். பழுதையும் அவர்களே பார்த்தனர். நாட்டு மின்வலை வந்தபின் அவற்றுட் பல கைவிடப்பட்டன எனினும், மக்கள் தம் ஓடைக்குத் தாமே உரியோராதல் கூடும் என்பதற்கு அவை எடுத்துக்காட்டாயின. அதே பதிற்றாண்டிலே தோட்டப்புறத்து ஓடைகளில் தனியார் நிறுவனங்கள் சிறுநீர்மின் நிலையங்களை அமைத்து மின்சாரத்தை மின்வலைக்கு விற்கத் தொடங்கின. ஓடைகள் ஒருதன்மையன, அவற்றின் கரையில் வாழ்ந்தோரின் உரிமை மட்டும் வேறுபட்டது.

இவ்வினா நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அணைக்கட்டுகள் பற்றிய உலக ஆணைக்குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் நாலு கோடிக்கும் எட்டுக் கோடிக்கும் இடைப்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தனர் என மதிப்பிட்டது. நருமதைப் பள்ளத்தாக்கின் பழங்குடி மக்கள் நடத்திய நெடும்போராட்டத்திலும் காணியுறுதி இல்லாதோரின் நிலையே கடினமான சிக்கலாக இருந்தது. வனத்திலே தலைமுறையாகப் பயிரிட்டவன் ஏட்டின்படி ஆக்கிரமிப்பாளன் ஆனான். லயத்தவனும் வனத்தவனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவர்தம் வழக்கு ஒன்றே.

தட்பவெப்பம் திரிதலால் வரும் தீங்கிலும் பங்கீடு இவ்வாறே உள்ளது. 2014 ஒற்றோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து பெருந்தொகையானோர் மாண்டனர். காற்றிலே கரியைச் சேர்த்தவருள் மிகக் குறைவாகச் சேர்த்தவன் விறகடுப்பில் உலை வைப்பவன். அவன் மேலேயே மலை சரிகின்றது. வலுசக்தி மாற்றத்தின் பெயரால் உலகம் பேசும் அறத்தில் முதற்பங்கு அவனுக்கு உரியதாகாதா?

மலையகத்தினின்று சிறிது வடக்கே நோக்கினாலும் பாடம் மாறவில்லை. மலையக மக்களின் முன்னோர் கரையிறங்கிய மன்னாரிலே 2020 திசெம்பர் முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் நெடுநாட் போராடினர். காற்று தூயதன்று என்று அவர்கள் கூறவில்லை. வெள்ளம் தேங்குதல், மீன்பிடி, பறவைகளின் வரவு என்பவற்றைப் பற்றித் தம்மைக் கேட்கவேண்டும் என்றே கூறினர். மன்னாரார் குடிகளாகவும் காணியுடையோராகவும் இருத்தலின் அவர்தம் குரல் கொழும்புவரை கேட்டது. 1950 இல் நோட்டன் பிரிட்ஜில் அவ்வாறு குரலெழுப்ப எவர்க்கும் இயலவில்லை.

ஆகவே செய்யத்தக்கன யாவை? முதலாவது, லயத்தில் வாழும் குடும்பத்துக்கு வீட்டுக்கும் நிலத்துக்கும் தன் பெயரில் உறுதி வேண்டும். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டம் தொடங்கியுள்ளது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வீட்டைத் திறந்துவைக்கும் விழாவோடு உறுதியைக் கையளிக்கும் கடமை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. இரண்டாவது, மலைநீரால் வரும் வருவாயில் ஒரு சிறு பங்கு, சலுகை என்றில்லாமற் சட்டப்படியான உரித்தாக, அந்நீர்ப்பிடிப்பில் வாழ்வோரின் பாடசாலைக்கும் பாதைக்கும் அடுப்புக்கும் செல்லுதல் வேண்டும். மூன்றாவது, எத்திட்டமாயினும் அதன் சூழல் அறிக்கை அவ்விடத்தார் படிக்கும் மொழியில் அவர் கைக்கு எட்டுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் ஒரு விளக்கையேனும் அணைக்காது. ஓர் அணையையேனும் தகர்க்காது.

இவ்வாண்டு மலரைப் படிக்கும் மாணாக்கருட் பலர் நாளை பொறியியலாளராவர், கணக்காளராவர், ஆட்சியாளருமாவர். சுன்னாகத்து உபமின்னிலையம் நாட்டின் மின்வலையோடு இணைந்துள்ளமையால், நீவிர் பரீட்சைக்குப் படிக்கும் மேசைவிளக்கிலும் மஸ்கெலி ஓயாவின் நீரில் ஒரு துளி ஒளிர்கின்றது. அந்நீரைத் தந்த மலையில், குழந்தையை இஸ்தோப்பில் இருத்தி, அதே பாடநூலைப் படிப்பிக்கும் தாயொருத்தி இருக்கின்றாள். அவள் தலைக்குமேலுள்ள கூரை எவருடையது என்று ஒருநாள் நீவிர் வரையும் திட்டத்தின் முதற்பக்கத்திலே கேட்டு எழுதுவீராயின், விமலசுரேந்திர தொடங்கிய கணக்கு அன்றுதான் நிறைவுபெறும்.